முழங்கையை மடக்காமல் தூங்கு, கண்ணு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். போன வாரம் நீ அனுப்பிய, நீ பிடில் வாசித்த கச்சேரிப் பதிவை மூன்று தடவை கேட்டேன். போனில் கேட்டால் "ஒன்னுமில்லப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

காம்போதி ராகத்தில் உன் முறை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். மேல் ஷட்ஜத்தில் நன்றாக நின்றாய். அதற்கு மேலே போய்க் காந்தாரத்தைத் தொட்டாய், தொட்ட உடனே இறங்கிவிட்டாய். அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பவள் நீ! அப்புறம் கல்பனாஸ்வரத்திலும் கை மேலே போகவே இல்லை. கேட்டவர்களுக்குக் குறை தெரிந்திருக்காது. வலியைச் சுற்றிக்கொண்டு வாசிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித் தவில் வாசித்தவன்.

இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகிறது என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாயாம். டிசம்பர் கச்சேரி சீசன் முடியட்டும், அப்பாவிடம் சொல்லாதே என்றாயாம். அம்மா சொல்லிவிட்டாள், அவள் மேல் கோபப்படாதே.

என் கை கெட்ட கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. 1998 தை மாதம். உனக்கு அப்போது ஆறு வயது. ஏற்காட்டில் ஒரு கல்யாணம். இருபது கொண்டை ஊசி வளைவும் வேனில் ஏறி விடியற்காலை நாலு மணிக்குப் போய் இறங்கினோம். பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாத பனி. அந்த ஈரத்தில் தவில் தோல் தொய்ந்துவிட்டது. வாரை எவ்வளவு இழுத்தும் நாதம் ஏறவில்லை. அதனால் ஓங்கி ஓங்கி அடித்தேன். கையோ விறைத்துக் கிடந்தது. ஒரு சொம்பு வெந்நீர் கேட்டு வாங்கிக் கையை நனைத்திருக்கலாம், விரலை நாலு தடவை நீட்டி மடக்கியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. கழி பிடிக்கிற இடது கையில், கட்டைவிரலுக்கு அடியில், மணிக்கட்டோரமாகச் சுருக்கென்று ஒரு வலி. மலை இறங்குவதற்குள் போய்விட்டது.

போனது திரும்பத் திரும்ப வந்தது. வைகாசி முகூர்த்தங்களின்போது சட்டைப் பொத்தான் போட்டுவிட அம்மா வர வேண்டியிருந்தது. மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கி, மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் ஒன்று, காலை முகூர்த்தத்துக்கு முன்னால் ஒன்று என்று வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வாசித்தேன். எனக்கு வயிற்றுப்புண் வந்ததும் அதனால்தான். எங்கள் மேளம் செட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் தவிலுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள், அப்புறம் நம்மைத் திரும்பக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று பயம். உனக்கும் இப்போது அதே பயம்தான், கண்ணு. இந்த டிசம்பரில் முடியாது என்று சொன்னால் அடுத்த டிசம்பரில் பெயர் இருக்குமா என்று ராத்திரி எல்லாம் யோசித்துக்கொண்டு கிடப்பாய்.

அந்த ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகை. சாமி புறப்பாட்டில் வாசித்துக்கொண்டே நடக்கிறோம். காலப்பிரமாணம் ஏறி, கூட்டமும் சூடு பிடித்த நேரம், கழி கையை விட்டு நழுவித் தரையில் விழுந்தது. யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். வாங்கினேன், பிடிக்க முடியவில்லை. கட்டைவிரல் மடங்கவே இல்லை.

மறுநாள் டாக்டர் கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடிக்கச் சொன்னார். அப்படியே மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கமாகச் சாய்த்தார். நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்த அம்மா ஓடி வந்துவிட்டாள். கட்டைவிரல் தசைநார் போகிற உறையே வீங்கி இறுகியிருக்கிறது, தை மாதமே வந்திருந்தால் சில வாரம் கட்டுப் போட்டு ஓய்வெடுத்தால் போதுமாக இருந்திருக்கும் என்றார். ஏழு மாதம் தவில் உறைக்குள்ளேயே இருந்தது. அந்த ஏழு மாதமும் அம்மா செவ்வாய்ப்பேட்டைக்கு வெள்ளிக் கொலுசு வேலைக்குப் போனாள்.

சரி, உன் கைக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போய்க் கேட்டேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கும். சுண்டு விரலும் மோதிர விரலும் என்றால் முழங்கைக்குப் பின்னால் போகிற நரம்பை முதலில் பார்க்கணும் என்றார். எங்கேயாவது இடித்துக்கொண்டால் ஷாக் அடித்த மாதிரி இருக்குமே, அதே நரம்புதான். முழங்கை ரொம்ப நேரம் மடங்கியே இருந்தால் அது இழுபட்டு அழுந்துமாம். சொன்னதும் எனக்கு உன் காம்போதி ஞாபகம் வந்தது. நாம் பிடிலைக் காலில் ஊன்றி வாசிக்கிறோம். மேல் ஸ்தாயிக்குப் போகப் போகக் கை உடம்பை நோக்கி வரும், முழங்கை இன்னும் மடங்கும். நீ காந்தாரத்தில் நிற்காததற்குக் காரணம் அதுதானே?

இன்னொன்றும் கேட்டார், உங்கள் பெண் எப்படித் தூங்குவாள் என்று. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கைக்குழந்தையிலிருந்தே நீ இடது கையை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாய். எடுத்துவிட்டாலும் திரும்ப வைத்துக்கொள்வாய். இனிமேல் அப்படித் தூங்காதே, கண்ணு. ராத்திரி முழங்கையைச் சுற்றி ஒரு துண்டைத் தளர்வாகக் கட்டிக்கொள், மடங்காது. மேஜையில் அந்த முழங்கையை ஊன்றாதே. போனை இடது கையில் பிடித்துக் காதில் வைக்காமல் இயர்போன் போட்டுப் பேசு. இதெல்லாம் டாக்டரைப் பார்க்கிற வரைக்கும்தான். விரலில் பலம் குறைகிற மாதிரி இருந்தாலோ, டம்ளர் நழுவினாலோ ஒரு நாள்கூடத் தள்ளாதே. மாத்திரை போட்டுக்கொண்டு மேடை ஏறவே ஏறாதே.

வாசிக்காமல் எப்படி இருப்பது என்பாய். அந்த ஏழு மாதமும் எனக்கு வாய்தான் தவில். திண்ணையில் உட்கார்ந்து காலையிலும் மாலையிலும் சொற்கட்டு சொல்லிக்கொண்டிருப்பேன், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்று எல்லா நடையிலும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூட இறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தட்டித் தாளம் போடுவாய். உனக்கு லயம் வந்தது அங்கேதான். இப்போது நீ பாடு. கீர்த்தனையைப் பாடு, ஸ்வரம் பாடு, காம்போதியை மேல் காந்தாரத்தில் நின்று வயிறு நிறையப் பாடு. டாக்டர் வாசிக்கலாம் என்ற பிறகு முதல் காலத்தில், மெதுவாக, வரிசையிலிருந்து தொடங்கு. இருபது நிமிஷம் வாசித்தால் அஞ்சு நிமிஷம் வில்லைக் கீழே வைத்துக் கையை நீட்டி விடு.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். சனிக்கிழமை காலை சென்ட்ரலில் இறங்கி நேராக உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். திங்கட்கிழமை டாக்டரிடம் போகலாம். ஞாயிற்றுக்கிழமை கச்சேரிக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்ல உனக்குச் சங்கடமாக இருந்தால் நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன். அம்மா தன் பழைய பருத்திச் சேலையில் ஒரு துண்டு கிழித்து, ஓரம் தைத்து மடித்து வைத்திருக்கிறாள், உன் முழங்கையில் கட்ட. கொண்டு வருகிறேன்.

அப்பா