ஆறும் வரை கிளாம்பைத் தொடாதே

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. டயர் ரிப்பேர் ஷெட்டில் இரவு ஷிப்டின் கியூரிங் பொறுப்பு, ஒட்டிய ரப்பரைச் சூட்டில் இறுகவைக்கும் வேலை, உன் கைக்கு வந்துவிட்டது என்பதைப் படித்துவிட்டு அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கடைசி வரியில் கேட்டிருந்தாயே ஒரு கேள்வி, அதற்குப் பதில் எழுதாமல் வாழ்த்து மட்டும் எழுத மனம் வரவில்லை. "சுரங்கத்து டம்பர் லாரி டயருக்காகக் காத்து நிற்கிறது, சூட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் நேரம் குறையாதா என்று மேலே இருப்பவர்கள் கேட்கிறார்கள், என்ன சொல்வது?" என்று கேட்டிருக்கிறாய்.

குறையாது என்று சொல். ஏன் என்று கேட்பார்கள். அதற்கும் உன்னிடம் பதில் இருக்க வேண்டும். அவர்கள் கேட்பதில் பாதி உண்மை இருப்பதால்தான் அந்தப் பேச்சு ஆபத்தானது. 10 டிகிரி கூடினால் கந்தகம் ரப்பரைப் பிணைக்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. 145 டிகிரியில் ஒரு மணி நேரம் பிடிப்பது 155-இல் அரை மணியில் முடியும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டலாம். மெல்லிய டியூப் பஞ்சருக்கு அது பொருந்தும். உன் முன்னால் கிடப்பதோ 57 அங்குல ரிம்மில் ஏறுகிற டயர். ஆளை விட இரண்டு மடங்கு உயரம், டன் கணக்கில் எடை. ரப்பர் சூட்டை எளிதில் கடத்தாது. தடிமன் இரண்டு மடங்கானால் சூடு நடுப்பகுதியை எட்டும் நேரம் சுமார் நான்கு மடங்காகும். நீ வெளியே சூட்டைக் கூட்டினால் மேல்தோல்தான் முதலில் அனுபவிக்கும். உள்ளே, புது ரப்பரும் பழைய டயரும் சந்திக்கிற இடம் அப்போதும் வேகாமல் பச்சையாகவே இருக்கும். அந்தச் சந்திப்பில்தான் ரிப்பேரின் உயிர் இருக்கிறது.

மேல்தோலுக்கும் நல்லதில்லை. இந்த வகை டயர்களில் இயற்கை ரப்பர்தான் அதிகம். அளவுக்கு மிஞ்சிச் சூடு பட்டால் கட்டிய கந்தகப் பிணைப்புகளே அறுந்து, ரப்பர் மறுபடி இளகிப் பலமிழந்துவிடும். சார்லஸ் குட்இயர் 1839-இல் கந்தகமும் சூடும் சேர்ந்தால் ரப்பர் உறுதிப்படும் என்று கண்டுபிடித்தார். அதன்பிறகு எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதைப் பிடிக்கத்தான் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது 1844-இல். மனிதர் 1860-இல் கடனோடு இறந்துபோனார். 1898-இல் தொடங்கிய டயர் நிறுவனம் அவர் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. சூடும் நேரமும் பற்றிய தகராறு உன் ஷெட்டில் தொடங்கியதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

நேரத்தை உண்மையிலேயே குறைக்க வேண்டுமானால் நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரு ஹீட்டிங் பேடு, வெளியே ஒரு பேடு என்று இரண்டு பக்கமும் சூடு கொடு. சூடு கடக்க வேண்டிய தூரம் பாதியாகிறது. அதற்கு மேல் அவசரப்படுத்த வழியில்லை. ரப்பர் தயாரித்தவர் கொடுத்த அட்டவணையில் இருக்கும் வெப்பத்தை உன் விருப்பத்துக்கு மாற்றாதே. நேரத்தை ஹீட்டர் சுவிட்சைப் போட்ட நிமிடத்திலிருந்து எண்ணாதே. எந்த இடம் கடைசியாகச் சூடேறுமோ, அந்த இடத்தில் வெப்பத்தை அளக்கும் கம்பியான தெர்மோகப்பிள், குறித்த வெப்பத்தைத் தொட்ட பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்க வேண்டும்.

தெர்மோகப்பிளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது நழுவி வெளியே விழுந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார். அது ஷெட்டின் காற்றை அளந்துகொண்டிருக்கும். ஹீட்டரை இயக்கும் கன்ட்ரோலர் அதை நம்பி, டயர் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து மின்சாரத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். திரையில் எண் சாதுவாகத் தெரியும், பேடுக்கு அடியில் ரப்பர் கருகிக்கொண்டிருக்கும். அதனால் இரண்டாவது தெர்மோகப்பிள் ஒன்றும், கன்ட்ரோலரை நம்பாமல் தனியாக மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட் ஒன்றும் இல்லாமல் இரவில் எதையும் ஏற்றாதே. சூடேற்றத் தொடங்கி வெகுநேரமாகியும் எண் அசையவில்லை என்றால் டயரைச் சந்தேகப்படாதே, முதலில் கம்பியைப் பார்.

இப்போது எனக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நேரம் முடிந்து ஹீட்டரை அணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. ஆறுவதும் கியூரிங்தான். எவ்வளவு துடைத்தாலும், எவ்வளவு உலர்த்தினாலும், டயரின் உடலுக்குள் ஏதோ கொஞ்சம் ஈரம் இருக்கும். எஃகுக் கம்பிகளுக்கு நடுவே அது ஊர்ந்து போய் ஒளிந்திருக்கும். 145 டிகிரியில் நீராவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல நான்கு மடங்கு. அதை வாய் திறக்கவிடாமல் வைத்திருப்பது ரிப்பேரை அழுத்தும் காற்றுப்பையான ஏர் பேக்கின் அழுத்தமும், அந்தப் பையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பும்தான். சூடு இருக்கும்போதே காற்றை இறக்கினால், அந்த ஈரமும் மிச்சமிருக்கும் கரைப்பானும் ஒரே நேரத்தில் விரிந்து ரப்பரைக் கடற்பஞ்சாக்கிவிடும். வெளியே பார்த்தால் வழவழவென்று இருக்கும், உள்ளே ஓட்டை. ஓடும்போது அந்த இடத்திலிருந்துதான் பிரியும். தெர்மோகப்பிள் 100 டிகிரிக்கு நன்றாகக் கீழே வரும் வரை பேக்கில் அழுத்தம் இருக்கட்டும். மின்சாரம் பாதியில் நின்றாலும் இதே விதிதான்: அழுத்தத்தைத் தொடாதே, நேரத்தைக் குறித்துவை, வெப்பம் எதுவரை இறங்கியது என்று எழுதிவை. விட்ட இடத்திலிருந்து மீதி நிமிடங்களை ஓட்டிவிடலாம் என்று நீயாக முடிவு செய்யாதே.

இது டயரின் கதை. ஆட்களின் கதை இதைவிடப் பெரியது. 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் உள்ள ஒரு ஏர் பேக்கில் 4 பார் அழுத்தம் ஏற்றினால் கிளாம்பின் மேல் வருவது சுமார் 10 டன் விசை. இரண்டு யானைகள் அந்தப் போல்ட்டில் தொங்குவதாக வைத்துக்கொள். காற்று அமுங்கி நிற்பதால் அந்த விசை ஒரு நொடியில் வெளியே வரக் காத்திருக்கிறது. மரை தேய்ந்த போல்ட், வளைந்த தட்டு, பற்றவைத்து ஒட்டிய கொக்கி, இவை எதுவும் உன் ஷிப்டில் ஏறக் கூடாது. பேக்குக்கும் டயருக்கும் நடுவே தட்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்தம் ஏற்றும் முன் பார். ஏற்றிய பிறகு எட்டிப் பார்க்காதே. அழுத்தம் இருக்கும்போது போல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கலாம் என்று ஸ்பேனரோடு கிளம்பும் ஆள் ஒவ்வொரு ஷெட்டிலும் ஒருவர் இருப்பார். அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் தடுத்து நிறுத்து. முதலில் கோபித்துக்கொள்வார், பிறகு சரியாகிவிடுவார்.

டயரை உள்ளே வைத்து மூடி, அழுத்தத்தில் வேகவைக்கும் ஆட்டோகிளேவ் பக்கம் உனக்கு வேலை இல்லை என்று எழுதியிருந்தாய். ஒருநாள் வரும். கேஜ் பூஜ்யம் காட்டினால் மட்டும் கதவைத் திறக்காதே, சோதனை வால்வைத் திறந்து காற்று வரவில்லை என்று உன் கண்ணால் பார்த்த பிறகு திற. அழுத்தம் இருக்கும்போது கதவைத் திறக்கவிடாத இன்டர்லாக்கை ஏமாற்றிவைத்திருக்கும் இடத்தில் வேலை செய்யாதே.

ரப்பரை ஒட்டும் சொல்யூஷன் பூசும் நேரம் இன்னொரு கண்டம். ஹெப்டேன் கலந்த சொல்யூஷனின் தீப்பற்று நிலை பூஜ்யத்துக்கும் கீழே 4 டிகிரி. அதாவது சாதாரணக் குளிரிலும் அதன் ஆவி பற்றும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. நிற்க வைத்த பெரிய டயரின் அடிவளைவில் அது குளம்போலத் தேங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. அங்கேதான் ஆள் உள்ளே இறங்கி உட்கார்ந்து பூசுகிறான். காற்று ஓட வேண்டும், வெளியே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ரப்பரைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கும் பஃபிங் மிஷினும் சாதாரண விளக்கும் அப்போது உள்ளே இருக்கக் கூடாது. நன்றாக உலர்ந்து, ஆவி கலைந்த பிறகுதான் ஹீட்டருக்கு மின்சாரம். பூச்சு மேலே உலர்ந்து உள்ளே ஈரமாக இருந்தால் அந்தக் கரைப்பானும் பேடுக்கு அடியில் கொதிக்கும் என்பதை நினைவில் வை.

பஃபிங்கில் ரப்பர் புகைந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். கருகிய பரப்பில் எதுவும் பிடிக்காது. துருப்பிடித்த கம்பியை மூடிவிட்டால் துரு உள்ளே நடந்துகொண்டே இருக்கும், பளிச்சென்ற உலோகம் தெரியும் வரை வெட்டியெடு. இவை உனக்குத் தெரியும்.

கியூரிங் புகையை லேசாக எடுத்துக்கொள்ளாதே. ரப்பர் உற்பத்தித் தொழிலில் உள்ளவர்கள் எதிர்கொள்ளும் சூழலையே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பேடை எடுக்கும்போது முதலில் எழும் அந்த வெள்ளைப் புகையில் முகத்தைக் கொடுக்காதே. வெந்த வாடை பிடித்திருக்கிறது என்று பெருமையாகச் சொல்லும் பழைய ஆட்கள் உண்டு, நானும் அப்படிச் சிலரோடு வேலை செய்திருக்கிறேன். அவர்களை மதித்துக்கொண்டே முகமூடியைப் போட்டுக்கொள்.

ரிம்மில் மாட்டிய டயரை வைத்துக்கொண்டு யாராவது சூடோ வெல்டிங்கோ பேசினால், காற்று இறக்கியாகிவிட்டது என்று அவர் சொன்னாலும் சரி, அங்கிருந்து போய்விடு. உள்ளே ரப்பர் சிதைந்து எரியும் வாயு உண்டாகும், டயர் வெடிக்கும். அப்படிச் சூடான டயரிலிருந்து 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், 24 மணி நேரம் அருகே போகக் கூடாது என்பது சுரங்கங்களில் கடைப்பிடிக்கும் விதி. நைட்ரஜன் நிரப்பினால் ஆபத்து குறையும், முழுதாகப் போகாது.

ரிப்பேர் முடிந்த டயருக்கு முதல் காற்று ஏற்றும்போது அதன் பக்கச்சுவருக்கு நேரே யாரும் நிற்க வேண்டாம். நீளமான ஹோஸ், தொலைவில் கேஜ், படிப்படியாக அழுத்தம். உள்ளே கம்பி அறுவதுபோல் படபடவென்று சத்தம் கேட்டால் காது கொடுத்துக்கொண்டு கிட்டே போகாதே, தூரத்திலிருந்தே காற்றை இறக்கு.

மேலே இருப்பவர்களிடம் இதையெல்லாம் விவாதமாகப் பேசாதே. நான் பார்த்தவரை ஆபத்தைச் சொல்லி யாரையும் திருப்ப முடிவதில்லை. மறுபடி செய்ய ஆகும் நேரத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். பிரிந்துபோன ரிப்பேரை வெட்டியெடுத்துத் திரும்பக் கட்டினால் டம்பர் இன்னும் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணக்குப் போட்டுத் தாளில் கொடு. ஒவ்வொரு டயருக்கும் வெப்பம், அழுத்தம், நேரம் மூன்றையும் நீயே கையெழுத்திட்டு எழுதிவை. ரப்பரின் கடினத்தை அளக்கும் ஹார்ட்னஸ் மீட்டர் வாங்கித் தருவதாகச் சொன்னார்களே, கொடுத்துவிட்டார்களா? கொடுத்தால் ரிப்பேரின் நடுவில் மட்டும் வைத்துப் பார்க்காதே, ஓரங்களிலும் பார். சூடு குறைவாகப் போகும் இடம் ஓரம்தான். ஆறிய பிறகு பார், சூட்டில் எண் குறைத்துக் காட்டும்.

அடுத்த கடிதத்தில் ஏர் பேக் கிளாம்பின் படம் ஒன்று வரைந்து அனுப்பு. தட்டின் கனம், போல்ட்டின் அளவு இரண்டையும் மறக்காமல் குறி. நீ எழுதியதைப் பார்த்தால் தட்டு மெல்லியதாக இருக்கும் என்று தோன்றுகிறது. படம் வந்து நான் பதில் எழுதும் வரை பெரிய பேக்கை அதில் ஏற்ற வேண்டாம்.

அன்புடன்,
அப்பா