ஓடிபி கேட்காமலே பணம் போகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இணைய மோசடி பற்றி வந்த கட்டுரை, "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற அறிவுரையோடு முடிந்திருந்தது. நல்ல அறிவுரைதான், மறுக்கவில்லை. ஆனால் மும்பை செம்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழில் செய்யும் நான் பார்த்தவரை, அது மட்டும் போதாது. கம்ப்யூட்டரைச் சரிசெய்து தருகிறேன் என்று போனில் பேசி ஏமாற்றுகிறவர்கள் பல நேரம் ஓடிபியைக் கேட்பதே இல்லை. உங்கள் திரையைத் தன் திரையில் பார்த்துக்கொண்டிருப்பவன் எதற்காகக் கேட்க வேண்டும்?

இங்குள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் வயதானவர்கள் பலர் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் புனேயிலோ அமெரிக்காவிலோ. பிரிண்டர் ஓடவில்லை என்றால் கூகுளில் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடி, முதலில் கண்ணில் படும் எண்ணுக்குப் போன் போடுகிறார்கள். அந்த எண்ணே போலியாக இருக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இல்லையென்றால் ஏதாவது படித்துக்கொண்டிருக்கும்போது திரை முழுக்கச் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வரும், சைரன் அலறும், "உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்லும். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் போடுவதே கிடையாது. தானாக யாரையும் கூப்பிட்டு "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று சொல்வதும் கிடையாது. அந்தச் சிவப்புத் திரை வெறும் ஒரு இணையப் பக்கம். ஆல்ட் விசையோடு எஃப்4 அழுத்தினால் பெரும்பாலும் மூடிவிடும். அடம்பிடித்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

என் வாடிக்கையாளர் ஒருவர், ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர், கணக்கு வழக்கில் கறாரானவர். பணம் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அவன் சொன்னதை நான் நம்பலை. காட்டினதைத்தான் நம்பினேன்" என்றார். அவருக்குக் காட்டப்பட்டது ஈவென்ட் வியூவர். எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் இருக்கும் குறிப்பேடு அது. ஒரு புரோகிராம் சற்று தாமதித்தாலும், நெட் ஒரு கணம் விட்டுவந்தாலும் அதில் பதிவாகும். திறந்தால் சிவப்பு வட்டங்களும் மஞ்சள் முக்கோணங்களும் வரிசையாக இறங்கும். "ஒவ்வொன்றும் ஒரு வைரஸ், சார்" என்றிருக்கிறான் அவன். நான் என் பையிலிருந்த லேப்டாப்பை எடுத்து அதே ஈவென்ட் வியூவரைத் திறந்து காட்டினேன். அதே சிவப்பு, அதே மஞ்சள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

இன்னொரு வித்தையும் உண்டு. கறுப்புத் திரையைத் திறந்து ஒரு கட்டளை கொடுக்கச் சொல்வார்கள். பட்டியலின் அடியில் 888 என்று தொடங்கும் நீளமான எண் ஒன்று வரும். "இதுதான் உங்கள் கம்ப்யூட்டரின் தனி எண், எங்களிடம் பதிவாகியிருக்கிறது பாருங்கள்" என்று அதைப் படித்துக் காட்டுவார்கள். அந்த எண் உலகத்தில் எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஒன்றேதான்.

நம்பிக்கை வந்ததும், தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரைப் பார்த்து இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஒன்றை இறக்கச் சொல்வார்கள். அவை நேர்மையான மென்பொருள்கள், நானும் தினம் பயன்படுத்துகிறேன். ஆனால் திரையில் வரும் எண்ணை முன்பின் தெரியாதவனிடம் சொல்லி, அனுமதியும் கொடுத்துவிட்டால் வீட்டுச் சாவியே அவன் கையில். பிறகு பத்து ரூபாய் கட்டணம் கட்டச் சொல்வார்கள். அது பத்து ரூபாய்க்காக இல்லை, நெட் பேங்கிங் பாஸ்வேர்டை நீங்கள் தட்டுவதைப் பார்ப்பதற்காக. செல்போனில் திரையைப் பகிர்ந்திருந்தால் ஓடிபியோடு வருகிற எஸ்எம்எஸ்ஸும் அவன் கண்ணில் படும். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் பெயரைச் சொல்லி யுபிஐ மோசடி பற்றி வங்கிகளை எச்சரித்தது. இத்தனை ஆண்டு கழித்தும் அந்தச் செய்தி நம் பில்டிங்குகளின் மூன்றாம் மாடிக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இந்தத் தொழில் எங்கோ தூரத்தில் நடப்பதில்லை. 2016 அக்டோபரில், நம் பக்கத்து மீரா ரோடில் அமெரிக்க வருமானவரி அதிகாரிகள் போலப் பேசிய கால் சென்டர்களைத் தாணே போலீஸ் பிடித்தது. 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்டும் அமேசானும் கொடுத்த புகார்களின் பேரில், வெளிநாட்டவரைக் குறிவைத்த போலி டெக் சப்போர்ட் கால் சென்டர்களில் சிபிஐ சோதனை நடத்தியது. பயிற்சியோடு, எழுதிவைத்த வசனத்தோடு பேசுகிறவர்கள் இவர்கள். எனவே ஏமாந்தவரை முட்டாள் என்று நினைப்பது தவறு.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிள்ளைகள் திட்டுவார்களே என்று பயந்து பெரியவர்கள் இரண்டு மூன்று நாள் வாயே திறப்பதில்லை. பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க முடிகிற நேரம் அதற்குள் போய்விடுகிறது. முதலில் செய்ய வேண்டியது ரூட்டரின் சுவிட்சை அணைப்பது. அத்தோடு அவன் இணைப்பு அறுந்துவிடும். செல்போன் வழியாக வந்தவன் என்றால் அதன் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்த வேண்டும். அடுத்து வேறொரு போனிலிருந்து வங்கிக்கும், இணையப் பண மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-க்கும் சொல்வது. பாஸ்வேர்டுகளை வேறு கருவியில் மாற்றிக்கொள்ளலாம், கம்ப்யூட்டரில் அவன் விட்டுப்போனதை அழித்துச் சுத்தம் செய்வதை நிதானமாகச் செய்யலாம். வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. ஆகவே எத்தனை மணிக்குச் சொன்னோம் என்பதையும், தரும் புகார் எண்ணையும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது, அப்பா அம்மாவை உட்காரவைத்து ஈவென்ட் வியூவரை நீங்களே திறந்து காட்டுங்கள். "இந்தச் சிவப்பு எப்போதும் இருக்கும்ப்பா, இதைக் காட்டி யாராவது பேசினால் போனை வைத்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள். செம்பூர், மாட்டுங்கா, முலுண்டில் உள்ள சொசைட்டிகளும் தமிழ்ச் சங்கங்களும் கூப்பிட்டால், இலவசமாக வந்து செய்துகாட்ட நானும் தயார்.

தங்கள் பத்திரிகையிலும் 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் ஒரு கட்டம் போட்டு வெளியிட வேண்டுகிறேன். வெட்டி எடுத்துக் கம்ப்யூட்டர் மேசைக்கு மேலே ஒட்டும் அளவில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர்,
செம்பூர், மும்பை