தீர்ப்பாயம் மதுரைக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிப்பாயாக இருந்த என் அண்ணனை சம்மரி கோர்ட் மார்ஷல் என்ற ராணுவச் சுருக்க விசாரணை நடத்தி வேலையை விட்டு அனுப்பினார்கள். அதில் படைப்பிரிவின் தலைவரான கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிமன்றம். பென்ஷனும் போயிற்று. அந்தக் காகிதங்களெல்லாம் எங்கள் வீட்டு வளவில் பச்சை டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. மூடியில் அவருடைய ஆர்மி நம்பர் வெள்ளைப் பெயிண்டில் இன்னும் அழியவில்லை.

மேல்முறையீட்டுக்கு 2007 சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. முன்னாள் நீதிபதியும் ஓய்வுபெற்ற படை அதிகாரியும் சேர்ந்து விசாரிப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாங்கள் சென்னைக்குப் போக வேண்டும். காரைக்குடியில் விடியற்காலைப் பல்லவன் ரயிலைப் பிடித்தாலும் எழும்பூர் சேர மதியமாகிவிடும். அதனால் முந்தின நாளே கிளம்ப வேண்டும், லாட்ஜ் வாடகை வேறு.

சரி, அங்கேயும் தோற்றால்? பொது முக்கியத்துவமுள்ள சட்டக் கேள்வி இருந்தால்தான் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு. சாதாரண சிப்பாய்க்கு அது எட்டாக்கனி. ஆனால் தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எங்கள் பக்கத்து முன்னாள் வீரர்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது.

மாதம் இரண்டு நாளாவது தீர்ப்பாயம் மதுரையில் அமர வேண்டும். காரைக்குடியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு சிப்பாயின் தம்பி,
கோட்டையூர்