ஜீரோ எந்த ஊர்ச் சொல்?

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன்னோடு வேலை பார்க்கும் இத்தாலியர் 'ஜீரோ எங்கள் மொழிச் சொல்' என்று சொன்னதாகவும், 'இல்லை, எங்களுடையது' என்று நீ மல்லுக்கு நின்றதாகவும் சொன்னாய். போனில் விளக்க ஆரம்பித்தால் உன் அப்பா குறுக்கே வந்துவிடுவார் என்பதால் எழுதுகிறேன். உங்கள் இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நடுவில் இருக்கும் அரபிக்காரரை இருவருமே மறந்துவிட்டீர்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'ஆரியபட்டர் பூஜ்யத்தைக் கண்டுபிடித்தார்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை அந்த இத்தாலியரிடம் எடுத்துவிடாதே. 499ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபடீயத்தில் அந்த வட்டக் குறியே கிடையாது. எண்களை அவர் எழுத்துகளால் குறித்தார். நீ சொல்ல வேண்டிய பெயர் பிரம்மகுப்தர். 628இல் அவர்தான் சூனியத்தையும், அதாவது பூஜ்யத்தையும், ஓர் எண்ணாக மதித்து, கூட்டல் கழித்தலுக்கு விதி எழுதினார். ஓர் எண்ணிலிருந்து அதையே கழித்தால் சூனியம் என்றார். சூனியத்தைச் சூனியத்தால் வகுத்தாலும் சூனியம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். என் வகுப்பில் யாராவது அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். ஆனாலும் அந்தக் காலத்தில் அந்தக் கேள்வியைத் தொட்டவர் அவர்.

குவாலியர் கோட்டையில் சதுர்புஜர் கோயில் என்று சிறியதாக ஒன்று இருக்கிறது. 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு. பூந்தோட்டத்துக்காக 270 முழ நீளமும் 187 முழ அகலமும் உள்ள நிலத்தைக் கொடுத்து, அதிலிருந்து கோயிலுக்குத் தினமும் 50 மாலை வர வேண்டும் என்று ஏற்பாடு. அந்த 270இலும் 50இலும் வட்டம் தெளிவாக இருக்கிறது, மற்ற இலக்கங்களைவிடச் சிறியதாக. இதைவிடப் பழையது கம்போடியாவில் இருக்கிறது. சக ஆண்டு 605 என்று வெட்டிய கல், அதாவது 683. அதில் வட்டத்துக்குப் பதில் ஒரு புள்ளி. ஆகவே 'எங்களுடையது' என்பதையும் கொஞ்சம் அடக்கியே சொல்.

சூனியம் என்றால் வெறுமை, காலி. பாக்தாத் பக்கத்துக் கணக்கர்கள் நம் எண்களை எடுத்துக்கொண்டபோது இந்தச் சொல்லை அப்படியே வாங்கவில்லை, மொழிபெயர்த்தார்கள். காலியானது என்பதற்கு அவர்கள் சொல் ஸிஃப்ர். (நான் இப்போது எழுதிய 'காலி'யும் அரபியிலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்ததுதான். அந்த அரபிக்காரர் நம் பேச்சுக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார், பார்.) ஆங்கிலத்தின் 'நாட்', லத்தீனிலிருந்து வந்த 'நில்' இரண்டும் 'ஒன்றுமில்லை' என்று கையை விரிக்கிற சொற்கள். ஸிஃப்ர் அப்படியல்ல. 207இல் நூறு இரண்டு, ஒன்று ஏழு, பத்தின் இடம் இருக்கிறது, அதில் ஆள் இல்லை. கணக்குக்குத் தேவைப்பட்டது இந்தப் பொருள்தான்.

இனி உன் ஊர். பீசா வணிகர்களின் அலுவலுக்காக அல்ஜீரியாவின் புஜியாத் துறைமுகத்தில் இருந்தார் ஒருவர். மகன் லெயோனார்டோவை அங்கே வரவழைத்து இந்த எண்களைப் படிக்க வைத்தார். பின்னாளில் ஃபிபோனாச்சி என்று உலகம் அழைப்பது அந்தப் பையனைத்தான். 1202இல் எழுதிய 'லீபர் அபாசி'யில் இந்தியரின் ஒன்பது இலக்கங்களை 9 தொடங்கி 1 வரை இறங்குவரிசையில் எழுதிக் காட்டுகிறார். பிறகு 0 என்ற குறி, 'அரபியில் ஸெஃபிரும் எனப்படுவது' என்கிறார். மேல்காற்றுக்கு லத்தீனில் ஏற்கெனவே ஸெஃபிருஸ் என்ற சொல் இருந்ததால் நாக்குக்கும் எளிதாக இருந்திருக்கும். 'ஸெஃபிரும்' என்ற அந்தச் சொல் இத்தாலிய வாயில் ஸெஃபிரோ ஆகி, வெனிஸ் பக்கம் ஸெவெரோ ஆகி, தேய்ந்து தேய்ந்து ஸெரோ ஆனது. ஆங்கிலத்துக்கு அது வந்தது 1600 வாக்கில்தான்.

அதற்கு இருநூறு ஆண்டு முன்பே அதே ஸிஃப்ர் பிரெஞ்சு வழியாக 'சைபர்' என்று ஆங்கிலத்தில் நுழைந்துவிட்டது. அதற்கும் முதல் பொருள் பூஜ்யம்தான். பிறகு இலக்கம் என்றாயிற்று, எழுத்துக்குப் பதில் எண் போட்டு மறைத்தெழுதும் வழக்கத்தால் ரகசிய எழுத்து என்றும் ஆயிற்று. உன் தாத்தா ஜீரோ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை, அவருக்கு எப்போதும் சைபர்தான். இத்தாலியில் இரண்டு பிள்ளைகளும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். உன் பேங்க் காசோலையில் தொகையை 'சிஃப்ரே'யிலும் எழுத்திலும் எழுதச் சொல்வார்கள் அல்லவா, அந்தச் சிஃப்ராவும் ஸெரோவும் உடன்பிறப்புகள். உன் நண்பருக்கு இது தெரிந்திருக்காது என்று பந்தயம் கட்டுவேன்.

எழுத்தில் எழுதச் சொல்வதும் இன்று நேற்று வந்ததல்ல. ஃப்ளாரன்ஸ் நாணய மாற்றுக்காரர் சங்கம் 1299இலேயே கணக்குப் புத்தகத்தில் தொகையை இந்தப் புது எண்களால் எழுதக் கூடாது, எழுத்தால்தான் எழுத வேண்டும் என்று தடை போட்டது. 0-வுக்கு ஒரு வால் இழுத்தால் 6 ஆகிவிடும், 9 ஆகிவிடும். கடன் கொடுப்பவன் பயப்படாமல் என்ன செய்வான்?

நம் பழந்தமிழ்க் கணக்கில் இந்தத் தொல்லை இல்லை. குவாலியர்க் கல்லின் 270ஐ நம் பழைய முறையில் எழுதினால் ௨௱௭௰. இரண்டு நூறு, ஏழு பத்து, முடிந்தது. பத்துக்கும் நூறுக்கும் தனிக் குறி இருந்ததால் காலி இடத்தைக் காட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. இது நமக்குப் பெருமையா குறையா என்று உன் அப்பாவும் நானும் நேற்று இரவுச் சாப்பாடு முடியும்வரை விவாதித்தோம். பெருக்கிப் பார்க்கச் சொன்னேன், பேசாமல் எழுந்து போய்விட்டார்.

பீசாவில் சாய்ந்த கோபுரத்துக்குப் பக்கத்திலேயே காம்போசாந்தோ என்ற பழைய கல்லறை மண்டபம் இருக்கிறதே, அதற்குள் லெயோனார்டோவுக்குச் சிலை உண்டு. அந்த நண்பரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வா. உன் ஆபீஸ் லேண்ட்லைன் எண்ணைத் திரும்ப அனுப்பு. வெளிநாட்டுக்குப் போட்டால் முதல் 0-வை விட்டுவிட வேண்டும் என்று உன் அப்பா அடம்பிடிக்கிறார். இத்தாலிக்கு அப்படியல்ல, நாட்டுக் குறி 39க்குப் பிறகு பீசாவின் ஊர்க் குறி 050 முழுதாக வர வேண்டும் என்று நீயே அவரிடம் ஒருமுறை சொல்லிவிடு. நான் சொன்னால் கேட்க மாட்டார்.

அன்புடன்,
அம்மா