26 வயதை எட்டும் மகளுக்கு

ஃபிலடெல்ஃபியா அருகே,
ஜனவரி 2026

அன்புள்ள யாழினிக்கு,

நலம், நலமறிய ஆவல். பொங்கலன்று தொலைபேசியில் நீ சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் மனத்தைவிட்டு அகலவில்லை. மார்ச் மாதத்தோடு அப்பாவின் அலுவலகக் காப்பீட்டிலிருந்து உன் பெயர் நீங்கிவிடும் என்று நான் நினைவூட்டியபோது, "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, ஓராண்டு காப்பீடு இல்லாமல் சமாளித்துக்கொள்கிறேன்" என்றாய். வாஷிங்டனில் நடந்ததை நான் சொல்லத் தொடங்கியதும், "அரசியல் வேண்டாம் அம்மா" என்று பேச்சை மாற்றிவிட்டாய். ஆஸ்டினில் நீ தனியாகத் தொழில் தொடங்கியிருப்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் உன் காப்பீடும் நீ கேட்க விரும்பாத அந்த அரசியலும் ஒரே விஷயம் என்பதால், அன்று சொல்ல முடியாமல் போனதை எழுதுகிறேன்.

உனக்கு எட்டு வயதானபோது நடந்தது உனக்கு முழுமையாகத் தெரியாது. 2008 மார்ச் மாதம் அப்பாவுக்கு வேலை போயிற்று. பழைய நிறுவனத்தின் காப்பீட்டைக் கோப்ரா சட்டப்படி 18 மாதம் வரை நாமே பணம் கட்டித் தொடரலாம் என்றார்கள். ஆனால் நிறுவனம் செலுத்திவந்த பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தையும், அதன்மேல் 2 விழுக்காடு நிர்வாகச் செலவையும் கட்ட வேண்டும். சம்பளம் நின்றுபோன வீட்டில் அது நடக்கிற காரியமாக இல்லை, விட்டுவிட்டோம். நவம்பரில் வேறு வேலை கிடைத்தது, புதிய காப்பீடும் வந்தது. ஆனால் இடையில் 63 நாள் காப்பீடு இல்லாமல் கழிந்துவிட்டால், முன்பே இருந்த நோய்க்கு ஓராண்டு வரை பணம் தர மறுக்க அன்றைய சட்டம் இடம் கொடுத்திருந்தது. உன் இளைப்பு, அதாவது ஆஸ்துமா, முன்பே இருந்த நோய். அதே ஆண்டு டிசம்பர் 31உடன், ஓசோன் படலத்தைக் காப்பதற்காக, அதைக் கெடுக்கும் வாயுவால் இயங்கிய பழைய வகை ஆல்புட்டரால் (இளைப்பு மருந்து) இன்ஹேலர்கள் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. மலிவான ஜெனரிக் மருந்து மறைந்து, விலை கூடிய புதிய வகை மட்டுமே மருந்துக் கடையில் கிடைத்தது. அந்தப் பனிக்காலத்தில் உனக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம், இரண்டு முறை அழுத்த வேண்டிய இன்ஹேலரை ஒரு முறை மட்டும் அழுத்திவிட்டு, போதுமா போதுமா என்று உன் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். பென்சில்வேனியாவில் குழந்தைகளுக்கான சிப் காப்பீடு எல்லா வருமானக் குடும்பங்களுக்கும் 2007 முதலே திறந்திருந்தது என்பதை, மறு ஆண்டு ஒரு மருத்துவமனையின் பில்லிங் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அறிந்தேன். அதை அறிந்த நாளின் வேதனையை என்னால் இன்றும் முழுதாகச் சொல்ல முடியவில்லை.

காப்பீடு ஏன் வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பல ஆண்டுகள் தேடித் தேடிப் படித்தேன். 1929இல், இன்று நீ இருக்கும் டெக்சாஸில், டாலஸ் நகரின் பேலர் மருத்துவமனை, பள்ளி ஆசிரியர்களிடம் மாதம் 50 சென்ட் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கு 21 நாள் மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பொறுப்பேற்றது. புளூ கிராஸ் என்ற காப்பீட்டு அமைப்பாகப் பின்னாளில் வளர்ந்தது அந்த விதைதான். 1942இல் போர்க்கால அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆள் பற்றாக்குறையால் தவித்த நிறுவனங்கள் கூடுதல் சம்பளத்துக்குப் பதிலாகக் காப்பீட்டைத் தந்து ஆள் சேர்த்தன. நிறுவனம் கட்டும் அந்தத் தொகை தொழிலாளியின் வருமானமாகாது என்று 1954 வரிச் சட்டம் உறுதிசெய்தது. 1945இல் அதிபர் ட்ரூமன் எல்லோருக்கும் பொதுவான காப்பீட்டை முன்வைத்தபோது, அமெரிக்க மருத்துவர் சங்கம் அதைச் சோஷலிச மருத்துவம் என்று பெயரிட்டு எதிர்த்தது. அது நிறைவேறவே இல்லை. 1965 ஜூலை 30 அன்று அதிபர் ஜான்சன் ட்ரூமனின் ஊரான இன்டிபென்டன்ஸுக்கே சென்று மெடிக்கேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதல் அட்டையும் அந்த முதியவருக்கே கிடைத்தது. முதியோருக்கும், மெடிக்கெய்ட் வழியாக ஏழையருக்கும் ஒரு வழி பிறந்தது. உழைக்கும் வயதில் இருப்பவர்கள் முதலாளியின் கையில் விடப்பட்டார்கள். நோய் உடம்போடு இருக்கும்போது காப்பீடு மட்டும் ஏன் வேலையோடு போக வேண்டும் என்ற கேள்விக்கு, போர்க்கால ஏற்பாடு ஒன்று அப்படியே பழகிப்போயிற்று என்பதைத் தவிர நியாயமான விடை எனக்குக் கிடைக்கவில்லை.

பெற்றோரின் காப்பீட்டில் 26 வயது வரை நீ இருக்க முடிந்ததும், உன் இளைப்பைக் காட்டி இனி எந்த நிறுவனமும் உன்னைத் தள்ள முடியாது என்பதும் 2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தால் வந்தவை. குடியரசுக் கட்சியில் ஒருவர்கூட இறுதியில் அதற்கு வாக்களிக்கவில்லை. 2017 ஜூலை 28 அதிகாலையில் அதன் முக்கியப் பகுதிகளை நீக்கும் மசோதா செனட்டுக்கு வந்தபோது, மூளையில் புற்றுநோய் இருப்பது தெரிந்து சில நாட்களே ஆகியிருந்த குடியரசுக் கட்சிச் செனட்டர் ஜான் மெக்கெய்ன், சூசன் காலின்ஸுடனும் லிசா முர்கவ்ஸ்கியுடனும் சேர்ந்து தம் கட்சிக்கு எதிராக வாக்களித்து அதைத் தோற்கடித்தார். அவருடைய கொள்கைகள் பலவற்றில் எனக்கு உடன்பாடு இருந்ததில்லை. ஆனாலும் அவர் கட்டைவிரலைக் கீழே காட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, பக்கத்து அறையில் நீ உறங்கிக்கொண்டிருக்க, நான் அழுதேன்.

அந்தச் சட்டம் உருவாக்கிய காப்பீட்டுச் சந்தையில் தாமாகக் காப்பீடு வாங்குவோருக்கு 2021இல் கூடுதல் வரிச்சலுகை தரப்பட்டது. அடிப்படையாகக் கொள்ளப்படும் திட்டத்துக்கு யாரும் தம் வருமானத்தில் 8.5 விழுக்காட்டுக்கு மேல் கட்ட வேண்டியதில்லை என்ற அளவுக்கு அது உதவியது. 2022இல் அதை 2025 இறுதி வரை நீட்டித்தார்கள். அதை மேலும் நீட்டிக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சியினர் நின்றதால்தான் சென்ற அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள் அரசு முடங்கியது. டிசம்பரில் செனட்டில் இரு கட்சிகளும் கொண்டுவந்த இரண்டு மசோதாக்களும் தோற்றன. ஆண்டு முடிய, அந்தக் கூடுதல் சலுகையும் முடிந்தது. சலுகை பெற்றுவந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாகக் கட்டிய 888 டாலர் 1,904 டாலராகும் என்று கேஎஃப்எஃப் ஆய்வு நிறுவனம் முன்பே கணக்கிட்டுச் சொல்லியிருந்தது. சென்ற ஜூலை 4 அன்று பெரும் வரிக்குறைப்புச் சட்டத்தில் டிரம்ப் கையெழுத்திட்டபோது, வரிக்குறைப்பை நிரந்தரமாக்க வழி கண்ட குடியரசுக் கட்சியினருக்கு இதற்கு மட்டும் வழி தெரியாமல் போனதை நான் மன்னிக்கவில்லை. ஜனநாயகக் கட்சியினர் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. பெரும்பான்மை கையில் இருந்தபோது முடிவுத் தேதி வைத்து எழுதியவர்கள் அவர்கள்தாம்.

இனி உன் கணக்குக்கு வருகிறேன். நாட்டிலேயே காப்பீடு இல்லாதோர் விகிதம் மிக அதிகமான மாநிலம் டெக்சாஸ். 2012இல் உச்ச நீதிமன்றம் மெடிக்கெய்டை விரிவாக்குவதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. டெக்சாஸ் இன்றுவரை விரிவாக்கவில்லை. எனவே இவ்வாண்டு உன் வருமானம் வறுமைக் கோடான 15,650 டாலருக்குக் கீழே போகும் என்று கணக்குக் காட்டினால், உனக்கு மெடிக்கெய்டும் கிடையாது, சந்தையில் சலுகையும் கிடையாது. மறுபுறம் 62,600 டாலரைத் தாண்டினால் சலுகை முழுவதும் போய்விடும். முன்பெல்லாம் வருமானத்தைக் குறைத்து மதிப்பிட்டு அதிகச் சலுகை வாங்கிவிட்டால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகைக்கு ஒரு வரம்பு இருந்தது. 2026 முதல் அந்த வரம்பு இல்லை. தனித்தொழில் செய்கிறவள் நீ. மாதாமாதம் வரவைக் குறித்து வை, வருமானம் ஏறினால் உடனே சந்தையில் திருத்திவிடு. குறுகியகாலத் திட்டம் என்று மலிவாக ஏதாவது விற்க வருவார்கள். அவற்றுக்கு அந்த 2010 சட்டத்தின் பாதுகாப்பு இல்லை, உன் இளைப்பை அவை விலக்கலாம், அவற்றைத் தொடாதே.

பதினாறு ஆண்டுகள் நான் உட்கார்ந்திருந்த மேசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் கையில் காப்பீட்டு அட்டை வைத்திருந்தவர்கள். முன் அனுமதி வாங்கவில்லை, நெட்வொர்க்கில் (காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ளவர்களின் பட்டியலில்) இல்லாத மருத்துவர், தேவையற்ற பரிசோதனை என்று ஏதாவது ஒரு காரணம் எழுதி வந்த மறுப்புக் கடிதத்தை நான்காக மடித்துக் கொண்டுவருவார்கள். 2023இல் கூட்டரசின் சந்தையில் திட்டம் விற்ற நிறுவனங்கள் தம் நெட்வொர்க்குக்குள் வந்த கோரிக்கைகளிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒன்றை மறுத்தன. மறுக்கப்பட்டவற்றில் நூற்றில் ஒன்றுக்குக்கூட மேல்முறையீடு செய்யப்படவில்லை. அந்தக் கடிதத்தை முடிவென்று நினைத்துவிடுகிறார்கள், மகளே. முடிவன்று. 180 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதிலும் மறுத்தால் நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத வெளி ஆய்வாளரிடம் பல வழக்குகளைக் கொண்டுபோகலாம். இது உரிமையாக வந்ததும் அதே 2010 சட்டத்தில்தான். நான் எழுதிக்கொடுத்த மேல்முறையீடுகள் பல வென்றன. மருத்துவரின் குறிப்பு ஒன்றைச் சேர்த்ததாலேயே வென்றவையும் உண்டு.

வணிகம் இதில் எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் வசூலிக்கும் பிரீமியத்தில், பெரிய குழுத் திட்டங்களில் 85 விழுக்காட்டையும், தனிநபர், சிறு குழுத் திட்டங்களில் 80 விழுக்காட்டையும் சிகிச்சைக்கும் அதன் தரத்தை மேம்படுத்தவுமே செலவிட வேண்டும் என்பது சட்டம். நல்ல விதிதான். ஆனால் காப்பீட்டு நிறுவனமே மருத்துவர்களையும் மருந்துக் கடைகளையும் வாங்கிவிட்டால், சிகிச்சைச் செலவாகக் கணக்கில் எழுதப்படும் பணமும் அதே வீட்டுக்குள் போய்ச் சேருகிறது. பெரிய காப்பீட்டு நிறுவனமான யுனைடெட்ஹெல்த்தின் கிளையான ஆப்டமில் மட்டும் ஏறக்குறைய 90,000 மருத்துவர்கள் பணியாற்றினார்கள் அல்லது அதனோடு இணைந்திருந்தார்கள். மருத்துவமனைகளின் நிலை இதைவிடக் கொடியது. நமக்குப் பக்கத்து டெலவேர் கவுன்டியின் குரோசர் மருத்துவமனைகளை 2016இல் வாங்கிய ப்ராஸ்பெக்ட் நிறுவனத்தின் பெரும்பங்கு அப்போது ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்தின் கையில் இருந்தது. நிலத்தையும் கட்டடத்தையும் விற்று, அவற்றையே வாடகைக்கு எடுத்தார்கள். 2025 ஜனவரியில் ப்ராஸ்பெக்ட் திவாலானது. மே மாதத் தொடக்கத்தில் குரோசர்-செஸ்டர் மருத்துவமனை மூடப்பட்டது. மருத்துவமனையை நம்பி வீடு வாங்கியவர்கள், அங்கே பிள்ளை பெற்றவர்கள், 30 ஆண்டு வேலை பார்த்த செவிலியர்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். ஒரு மருத்துவமனையை நிலமாகப் பார்க்க அனுமதிக்கும் சட்டம் மாற வேண்டும் என்று நான் கருதுகிறேன். நவம்பரில் காங்கிரஸ் தேர்தல் வருகிறது; டெக்சாஸில் வாக்காளராக உன் பெயரைப் பதிவுசெய்துவிட்டாயா என்று கேட்பதும் இதனால்தான்.

பணம் பற்றாவிட்டால் சொல். கோடை வரை உன் பிரீமியத்தில் பாதியை நானும் அப்பாவும் தருகிறோம், இது கடனல்ல. காப்பீட்டை இழக்கும் நாளுக்கு முன்னும் பின்னும் 60 நாட்கள் சந்தையில் சேர இடமுண்டு. ஆனால் மார்ச் 31க்குள் தேர்ந்தெடுத்தால்தான் ஏப்ரல் 1 முதல் இடைவெளியின்றித் தொடங்கும். காப்பீடு முடிவதற்குச் சான்றாக அப்பாவின் நிறுவனம் தரும் கடிதம் வந்தவுடன் உனக்கு அனுப்பிவைக்கிறேன். திட்டம் பார்க்கும்போது பிரீமியத்தை மட்டும் பார்க்காதே. நிறுவனம் பணம் தரத் தொடங்குமுன் நீ கட்ட வேண்டிய டிடக்டிபிள் எவ்வளவு, உன் நுரையீரல் மருத்துவர் நெட்வொர்க்கில் இருக்கிறாரா, உன் இன்ஹேலர் மருந்துப் பட்டியலில் இருக்கிறதா என்று பார். ஞாயிற்றுக்கிழமை காலை உனக்கு வசதிப்பட்டால் இருவரும் சேர்ந்தே பார்ப்போம்.

இன்னொன்று. மார்ச் முடியுமுன் இன்ஹேலருக்கான மருந்துச் சீட்டைப் புதுப்பித்து, மூன்று மாதத்துக்கு உள்ளதை வாங்கி வைத்துக்கொள். அதுவரை நீ அப்பாவின் காப்பீட்டில்தான் இருக்கிறாய்.

அன்புடன்,
அம்மா