சர்க்கரையோடு பிரஷரையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோய் பற்றிச் சென்ற இதழில் வந்த சிறப்புப் பக்கங்களை முழுவதும் படித்தேன். புதிதாக நோய் தெரியவந்தவர்களுக்கு என்றே எழுதியிருந்தீர்கள். வெறும் வயிற்றில் எவ்வளவு இருக்கலாம், சாப்பிட்ட பிறகு எவ்வளவு, மூன்று மாதச் சராசரி எவ்வளவு என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் ரத்த அழுத்தத்துக்கு ஒரே ஒரு வரிதான். 'பிரஷர் இருந்தால் அதையும் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்' என்பதோடு முடிந்துவிட்டது. அந்த ஒரு வரி போதாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் அக்காவுக்கும் அத்தானுக்கும் சர்க்கரை நோய் உண்டு. மருத்துவமனைக்கு அவர்களோடு துணைக்குப் போய்வருகிறவன் என்பதால் சில விஷயங்களைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். நோய் தெரிந்த நாள் முதல் வீட்டில் 'இன்றைக்கு எவ்வளவு?' என்று கேட்டால் அது சர்க்கரையைப் பற்றிய கேள்விதான். பிரஷரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 'அது கொஞ்சம் இருக்காம்' என்ற அளவில் நின்றுவிடுகிறது. நோயாளிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களிடம் சொல்கிறவர்களும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்த அழுத்தமும் கூடுதலாக இருக்கிறது. இவர்களின் உயிரைப் பறிப்பதில் முன்னால் நிற்பவை மாரடைப்பும் பக்கவாதமும்தான். சர்க்கரை ரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுக்கிறது. கெட்டுப்போன சுவரின்மேல் அழுத்தமும் ஏறினால் முதலில் அடிபடுவது விழித்திரையிலும் சிறுநீரக வடிகட்டிகளிலும் உள்ள நுண்ணிய குழாய்கள்.

இது வெறும் ஊகமில்லை. பிரிட்டனில் 1977இல் தொடங்கிய யூகேபிடிஎஸ் என்ற நீண்ட ஆய்வின் ஒரு பகுதியாக, சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்திருந்த 1,148 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவில் அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினார்கள். அவர்களின் சராசரி 144/82. மற்றவர்களுடையது 154/87. வித்தியாசம் மேல் அளவில் வெறும் 10, கீழ் அளவில் 5. இவ்வளவுக்கே பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது, சர்க்கரை நோய் சார்ந்த மரணங்கள் 32 சதவீதம் குறைந்தன, பார்வை மோசமாவதும் குறைந்தது. இந்த முடிவுகள் 1998இல் வெளிவந்தன.

அதே ஆய்வில் பலரும் கவனிக்காத இன்னொரு செய்தி இருக்கிறது. ஆய்வு முடிந்த பிறகும் அவர்களைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்து 2008இல் எழுதினார்கள். தொடக்கத்திலேயே சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு அதன் நன்மை பல ஆண்டுகள் கழித்தும் மிச்சம் இருந்தது. பிரஷரில் அப்படி இல்லை. ஆய்வு முடிந்த இரண்டு ஆண்டுகளுக்குள் இரு பிரிவினரின் அழுத்தமும் ஒன்றாகிவிட்டது, முன்பு கிடைத்த பலனும் நிலைக்கவில்லை. 'இப்பத்தான் பிரஷர் நார்மலா இருக்கே' என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆதங்கம். நார்மலாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

அடுத்தது, அளக்கும் முறை. இதில் நடக்கும் அலட்சியம் மனதை வருத்துகிறது. ஒருமுறை அக்காவோடு போயிருந்தபோது படியேறி வந்த மூச்சு அடங்கவில்லை, அதற்குள் உட்காரவைத்து, உடுப்பின் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, 'மாத்திரை போட்டீங்களா, தூக்கம் எப்படி' என்று கேள்வி கேட்டுக்கொண்டே அளந்தார்கள். அக்காவும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். 168/94 என்று சீட்டில் ஏறிவிட்டது. கொஞ்சம் உட்கார்ந்த பிறகு இன்னொரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டேன். முகம் கோணாமல் பார்த்தார்கள், அதற்கு நன்றி. இரண்டாவது தடவை 146/86. அதுவும் கூடுதல்தான். ஆனாலும் மருத்துவர் மாத்திரையை எவ்வளவு கூட்டுவது என்று முடிவெடுக்கும்போது இந்த இரண்டு எண்களும் ஒன்றாகுமா?

ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதங்கள் தரையில் பட வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது. கை இதயத்தின் உயரத்துக்குத் தாங்கலாக இருக்க வேண்டும், பட்டை நேராகத் தோலின்மேல் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் எண் கூடுதலாகக் காட்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். காப்பி, புகை, வேகமான நடை எல்லாம் அரை மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்ப்பது நல்லது. வீட்டில் கருவி வாங்கி வைத்திருப்பவர்கள் மேற்கையில் சுற்றும் கருவியாகப் பார்த்து வாங்கி, எண்களை எழுதிக்கொண்டு போய்க் காட்டினால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

அத்தானின் கதை வேறு. அவருக்குச் சர்க்கரை வந்து பல காலம் ஆகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார், வயதாகிறது என்று எல்லோரும் விட்டுவிட்டோம். பிறகு ஒரு மருத்துவர் படுக்கவைத்து அளந்து, எழுந்து நிற்கவைத்தும் அளந்தார். மேல் அளவு 20க்கும் அதிகமாக இறங்கியது. சர்க்கரை நரம்புகளைப் பாதித்திருந்தால், நிற்கும்போது ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்காதாம். உட்காரவைத்து மட்டும் பார்த்தால் பிரஷர் கூடுதல் என்று மாத்திரையைக் கூட்டுவார்கள், அவர் விழுந்து எலும்பை முறித்துக்கொள்வார். நின்ற நிலையில் அளப்பதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். பல காலமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, இதைச் செய்யாமல் விடுவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

சரி, எவ்வளவு வரை குறைக்க வேண்டும்? பெரும்பாலோருக்கு 130/80க்குக் கீழே என்பதுதான் இன்று பரவலாகச் சொல்லப்படும் இலக்கு. மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுபோனால் இன்னும் நல்லதா என்பதில் மருத்துவ உலகமே மாறிமாறிப் பேசியிருக்கிறது. 2010இல் வந்த அக்கார்ட் ஆய்வில் மொத்த இதய பாதிப்புகளில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை, பக்கவாதம் மட்டும் குறைந்தது. 2024இல் சீனாவில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்களை வைத்து நடந்த பிப்ரோட் ஆய்வில் பலன் தெரிந்தது, கூடவே அழுத்தம் அளவுக்கு மீறித் தாழ்வதும் அதிகமாக இருந்தது. அதனால் அடுத்தவரின் இலக்கை நாம் எடுத்துக்கொள்ள முடியாது. 'என் வயசுக்கும் உடம்புக்கும் எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்?' என்று மருத்துவரிடம் நேராகக் கேட்டு, அந்த எண்ணைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

'பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்' என்ற பயம் பலருக்கு இருக்கிறது. உண்மை நேர்மாறானது. ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற 'ப்ரில்' வகையும், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்ற 'சார்ட்டன்' வகையும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிபவர்களுக்குச் சிறுநீரகத்தைக் காக்கவே கொடுக்கப்படுகின்றன. 'ப்ரில்' வகையில் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். மருத்துவரிடம் சொன்னால் 'சார்ட்டன்' வகைக்கு மாற்றிவிடுவார், இருமலைப் பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம், மாத்திரையை விட்டுவிடவும் வேண்டாம். இவற்றைத் தொடங்கிய சில வாரங்களுக்குள் ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் முதலில் லேசாக ஏறுவது எதிர்பார்த்ததுதான். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கும் இந்த இரண்டு வகையும் ஆகாது. சிறுநீரகத்துக்கு உண்மையிலேயே கெடுதல் செய்வது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தினமும் விழுங்கும் ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள். அவை பிரஷரையும் ஏற்றிவிடும்.

ஆல்புமின் பரிசோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று தெரிந்த உடனேயும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பார்க்க வேண்டும். ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரி. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி இருந்தால் தற்காலிகமாக ஏறலாம் என்பதால், ஏறியிருந்தால் திரும்பவும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் நார்மல் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது, கணிசமான பாதிப்பு ஏற்படும்வரை அது நார்மலாகவே காட்டக்கூடும். கண் பரிசோதனையும் அப்படியே, பார்வை நன்றாக இருக்கும்போதே விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை சர்க்கரை நோய் பற்றி எழுதும்போது பிரஷர் அளக்கும் முறையையும், எந்தப் பரிசோதனை எப்போது என்பதையும் ஒரு கட்டத்துக்குள் போட்டு, வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிவைக்கும்படி வெளியிடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், அதைப் படிக்கப்போகிறவர்களில் பார்வை மங்கியவர்களும் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்