பொன்னாடையோடு ஊதியமும் வேண்டும்: திருகோணமலையின் விழாக் குழுவினருக்கும் மண்டபப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

திருகோணமலையில் கலை விழாக்களை ஒழுங்கு செய்கின்றவர்களும், மண்டபங்களின் பொறுப்பை ஏற்றிருப்பவர்களும், மாகாண, மாவட்ட மட்டங்களில் பண்பாட்டு அலுவல்களைக் கவனிப்பவர்களுமாகிய உங்கள் எல்லோருக்கும் இம்மடலை எழுதுகிறேன். எங்கள் நகரில் ஏறத்தாழ 15 ஆண்டுகளாகச் சொந்தக் காசில் படம் எடுத்தும் அவற்றுக்குத் தாமே இசையமைத்தும் வருகின்ற ஒருவருக்கு நான் ஒலிப்பதிவாளனாக இருந்து வருகிறேன். தமது பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். சலுகை தேடுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பது அவருடைய கவலை. செய்த வேலைக்கு ஊதியம், எடுத்த படத்துக்கு ஒழுங்கான ஒரு திரை, முடிந்த படைப்புக்குப் பாதுகாப்பான ஓர் இடம் ஆகியவற்றையே நான் கேட்கிறேன்.

அவர் எப்படிப் பிழைக்கிறார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். கலியாண வீடுகளும் பூப்புனித நீராட்டு விழாக்களும் தேர்த் திருவிழாக்களுமே அவருடைய வீட்டில் அடுப்பெரியச் செய்கின்றன. கடல் அமைதியாக இருக்கும் மே தொடக்கம் செப்ரெம்பர் வரையான மாதங்களில் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள விடுதிகளில் மாலை நேரங்களில் கிற்றார் வாசித்துப் பாடுவார். இவற்றில் மிஞ்சுகின்ற பணம் மாரி காலத்தில் படமாகிறது. உல்லாசப் பயணிகள் போய் முடிந்து, வாடை எழுந்து, மார்கழி பிறந்து கலியாணங்களும் நின்றுவிட்ட பிறகுதான் எங்களுக்குப் படப்பிடிப்பு நாட்கள் வாய்க்கும். அதனால் அவருடைய படங்களில் வானம் பெரும்பாலும் மூடியே கிடக்கும். அதை அவருடைய பாணி என்று மெச்சியவர்களும் இருக்கிறார்கள்.

இந்த வழக்கத்தை அவர் ஒரேயொரு படத்துக்காக மாற்றிக்கொண்டார். கரைவலைத் தொழிலாளர்கள் வலை இழுக்கும்போது பாடுகின்ற அம்பாப் பாடல்களைப் பற்றிய 40 நிமிடப் படம் அது. கரைவலை, கடல் அமைதியான காலத்துத் தொழில். விடுதிகளில் வருமானம் வருவதும் அதே காலத்தில்தான். இரண்டு பருவங்களின் விடுதி வருமானத்தை விட்டுவிட்டு அவர் குச்சவெளிப் பக்கமும் மூதூர்ப் பக்கமும் விடியற்காலைகளில் அலைந்தார். ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். ஒருவர் அடியெடுத்துப் பாட, கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாடுவார்கள். அந்த வாங்கலோடு சேர்ந்தே இழுவை நடக்கும். உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் கயிற்றை இழுக்கத் தொடங்கிய கரைகளில் பாட்டுக்கு வேலை இல்லாமற் போயிருந்தது. நாங்கள் முதியவர் ஒருவரை நிழலில் இருத்திப் பாடச் சொன்னபோது அவருக்கு இரண்டு அடிக்கு மேல் வரவில்லை. கையில் கயிறு இல்லாமல் பாட்டு வராது தம்பி என்றார் அவர். அதன்பிறகு பழைய கயிறு ஒன்றைத் தென்னையிலே கட்டி, நான்கு பேரைப் பிடித்து இழுக்க வைத்தோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பாட்டு வந்துகொண்டே இருந்தது. அடிக்கு அடி இடையில் அவர்கள் மூச்சிரைப்பதை வெட்டக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பாகச் சொல்லப்பட்டது. அந்த மூச்சின் இடைவெளியை அளந்துதான் படத்தின் இசை முழுவதையும் அவர் அமைத்தார். படமும் இசையும் ஒருவர் கையில் இருந்திராவிட்டால் அது நடந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் ஓர் அலுவலகத்தில் விருதுக்கு விண்ணப்பிக்கப் போனபோது, இசை, குறும்படம் இரண்டில் ஒன்றை மட்டும் குறிப்பிடுமாறு அவரிடம் சொல்லப்பட்டது. இரண்டையும் எழுதிக் கொடுத்தார். படிவம் திருப்பி அனுப்பப்பட்டது. பிறகு ஒரு விழாவில் அந்தப் படத்தைத் திரையிட அழைத்தார்கள். பிற்பகல் 3 மணி, சன்னல்களுக்குக் கறுப்புத் துணி இல்லை, வெயில் திரையின் மேலேயே விழுந்தது. 25 நிமிடம் ஓடிய நேரத்தில் பிரதம விருந்தினர் வந்து சேர்ந்ததால் படத்தை நிறுத்தி, என் நண்பரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். முதியவர் பாடும் பகுதி 31ஆவது நிமிடத்தில் வருகிறது. அந்த முதியவரின் குடும்பத்தினர் பஸ் ஏறி வந்து முன்வரிசையில் இருந்தார்கள். புறொஜெக்டர் வாடகையை என் நண்பரே கொடுத்தார்.

மரியாதை செய்தவர்களின் மனத்தை நான் குறை சொல்லவில்லை. மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் சிற்றுண்டிக்கும் விழாக் கணக்கில் தொகை ஒதுக்கப்படுகிறது. படம் எடுத்தவருக்கு மட்டும் அந்த நிரலில் இடம் இல்லை. அவருடைய மெட்டு ஒன்றை ஒரு நிகழ்ச்சியின் முகப்பிசையாகக் கேட்காமலே எடுத்துப் போட்டவர்களும், விளம்பரம் கிடைக்கிறதுதானே என்று பதில் சொன்னார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, எங்கும் பதிவு செய்யாவிட்டாலும் இசைப் படைப்பு உருவான கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. படைப்பாளியின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நிலைக்கும். விழா நடத்துகின்ற ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1960களிலும் 1970களிலும் இந்நாட்டில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்கள் பலவற்றை இன்று பார்க்க வழியில்லை. 1983 யூலை வன்செயலில் கொழும்புக்கு அருகிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. என் நண்பர் இளமையில் ஒலிப்பதிவு செய்த கசெற்றுகளை 2004 டிசெம்பர் 26இல் கடல் கொண்டுபோயிற்று. இன்று அவருடைய படைப்புகள் முழுவதும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் இருக்கின்றன. இரண்டும் திருக்கடலூரில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரே அலுமாரியில் இருக்கின்றன. அம்பா பாடிய அந்த முதியவர் இப்போது உயிரோடு இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். திரையிட அழைக்கும் கடிதத்திலேயே ஊதியத் தொகையை எழுதுங்கள். அது சிறியதாக இருந்தாலும் எழுதுங்கள். மாதத்தில் ஒரு மாலை, இருட்டிய பிறகு, ஒரு மண்டபத்தைத் திறந்து தாருங்கள். பிரதம விருந்தினர் வேண்டாம், படம் முடியும்வரை விளக்கை அணைத்து வைத்தாற் போதும். பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் தொடர்பாடல் கற்கும் மாணவர்களும், பாடசாலைகளில் தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும் படிக்கும் பிள்ளைகளும் நிச்சயமாக வருவார்கள். கமராவை எங்கே வைப்பது என்பதைத் தங்கள் ஊர்க் கரையிலேயே எடுத்த படத்தைப் பார்த்து அவர்கள் கற்றுக்கொள்ளலாம். விண்ணப்பப் படிவத்தில் இரு துறைகளைக் குறிப்பிட இன்னொரு கோடு சேருங்கள். படைப்புகளின் ஒரு பிரதியைக் கடலுக்கு எட்டாத ஒரு நூலகத்தில் வைத்துக்கொள்ள ஒப்புதல் தாருங்கள். பிரதி எடுப்பதற்கான செலவை நாங்களே ஏற்கிறோம்.

வரும் மாரியில் அடுத்த படத்தைத் தொடங்குகிறோம். அதற்கு முன், எந்த நாளில் எந்த அலுவலகத்துக்கு வரச் சொன்னாலும், அந்த இரண்டு டிஸ்க்குகளையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

இவண்,
அவருடைய படங்களுக்கு ஒலிப்பதிவு செய்பவன்,
உவர்மலை, திருகோணமலை.